17 வளைவு, ரெண்டு ஃபேன்!

உங்க வீட்டு வண்டியோட பானெட்டை என்னிக்காவது திறந்து பார்த்திருக்கீங்களா பாஸ்? 'அதெல்லாம் மெக்கானிக் வேலை'னு சொல்ற ஆளா இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்ச தூரம் கூட வாங்க. ரேடியேட்டரை ஒட்டி ஒரு ஃபேன் இருக்கும். அதுல ரெண்டு வகை. பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்ஜின் கூடவே சுத்துறது ஒண்ணு; பழைய அம்பாஸடர் அப்படித்தான். பேட்டரி கரண்ட்டுல, தேவைப்பட்டா மட்டும் சுத்துறது இன்னொண்ணு. மாருதி 800-ல இருந்தது. முதல் வகையைக் கழட்டிட்டு ரெண்டாவதை மாட்டலாமா, வேணாமா... இதுதான் போன செமஸ்டர் லீவு முழுக்க எங்க வீட்டுல ஓடின மெகா சீரியல். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். அதனால வில்லி ரோல் எனக்கு!

எங்க ஊர் போடிநாயக்கனூர். ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை நிக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இடுக்கியோட ஏலத்தோட்டம், இந்தப் பக்கம் அதுல வேலை பார்க்குற ஜனம். கம்பம், கூடலூர்க்காரங்க குமுளி, கம்பம்மெட்டு வழியா ஏறுவாங்க. எங்களுக்கு போடிமெட்டு. மதுரையில இருந்து வந்த ரயில் 2010 கடைசியோட நின்னுபோய், அகலப்பாதையா மாறி, 2023 ஜூன்ல மறுபடியும் போடிக்கு வந்துச்சு. ஊரே போய் வேடிக்கை பார்த்தோம். ஆனா அந்த ரயில் போடியோட நின்னுக்கும். அதுக்கு மேல ஜீப்தான்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) ஓட்டுறது பழைய டீசல் ஜீப். விடியக்காலை 5 மணிக்கே தூக்குவாளியும் தலைத்துண்டுமா பொம்பளைங்க வந்து நிப்பாங்க. பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் இருக்குற தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரணும். முந்தல் செக்போஸ்ட் தாண்டினா ஏத்தம் ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தை ரெண்டாவது, மூணாவது கியர்லயே தள்ளிக்கிட்டுப் போகணும்.

போன ஏப்ரல்ல ஒருநாள் பதினோராவது வளைவுல ஜீப் 'நான் வரலை'னுடுச்சு. டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல. பானெட்டுக்கு அடியில இருந்து ஆவி. தண்ணி ஊத்தி, ஆறவச்சு, கிளம்ப முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. தோட்டத்துல லேட்டாப் போனா அரை நாள் கூலி கட். அன்னிக்கு வண்டியில வந்த எல்லாருக்கும் கட். முன்சீட்டுல வர்ற ஒரு அக்கா சாயங்காலம் இறங்குறப்ப, "உன் வண்டிக்குக் காய்ச்சல் வந்தா எங்க வீட்டுல உலை கொதிக்காதுப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கோபமாகூட இல்லை, சாதாரணமா. மாமா அன்னிக்கு ராத்திரி சரியாச் சாப்பிடலை. மறுவாரமும் அதே இடத்துல முள்ளு ஏற, பாதிப் பேர் வேற ஜீப்புக்கு மாறலாமான்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

இந்த நேரத்துலதான் மாமாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் என்ட்ரி. அவர் தேனி – மதுரை ரோட்டுல கார் ஓட்டுறவர். "எலெக்ட்ரிக் ஃபேன் போட்டேன். மைலேஜும் ஏறிருச்சு, வண்டியும் சூடாகுறதில்லை. நீயும் போட்டுரு"ன்னார். மாமா உடனே என்னைப் பார்த்து, "ஏத்தா, நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் வருமா?"ன்னார். மூணு வருஷ ஃபீஸுக்கு முதல் தடவையா பதில் சொல்ல வேண்டிய நிலைமை!

நானும் எங்க தெரு மெக்கானிக் அண்ணனும் உக்காந்தோம். ஃபேனைத் தொடுறதுக்கு முன்னாடி வேற ரெண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கிட்டோம். முதல்ல ரேடியேட்டர் மூடி. 'மூடியில என்ன இருக்கு'ன்னு நினைக்காதீங்க. மேல ஏற ஏற காத்தழுத்தம் குறையும். போடிமெட்டு உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுரும். ரேடியேட்டருக்குள்ள மூடி அழுத்தம் பிடிச்சு வைக்கிறதாலதான் 110 டிகிரி தாண்டினாலும் கொதிக்காம இருக்கு. மூடியோட ரப்பர் செத்துப்போச்சுன்னா அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. (அதே அழுத்தம்தான் சூட்டோட மூடியைத் திறந்தா மூஞ்சியில அடிக்குது. ஆறுற வரைக்கும் கையை வைக்காதீங்க, ப்ளீஸ்.) அடுத்தது ரேடியேட்டர். வருஷக்கணக்கா வழியில இருக்குற ஊத்துத் தண்ணியையே ஊத்தி, உள்ள உப்பு படிஞ்சு கிடந்துச்சு. மூடியை மாத்தி, ரேடியேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, கூலன்ட் ஊத்தினதுல பாதி நோய் அப்பவே போயிருச்சு. மலை ரோட்டு ஜீப்புல தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டுட்டு ஓட்டுற பழக்கம் ஒண்ணு இருக்கு. எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. இறக்கத்துல இன்ஜின் விறைச்சுப்போயி தேயும். நல்லவேளை, மாமா அதைப் பண்ணலை.

மீதிப் பாதி நோய்? அது ஃபேன்லதான் இருந்துச்சு.

மாமா ஜீப்ல இருந்தது அம்பாஸடர் மாதிரி பெல்ட்டோட கட்டிப்போட்ட ஃபேன் இல்லை. நடுவுல விஸ்கஸ் கிளட்ச் வச்சது. ரொம்ப அழகான ஐட்டம் இது. புல்லிக்கும் ஃபேனுக்கும் இடையில ஒரு வட்ட டப்பா. அதுக்குள்ள சிலிக்கான் எண்ணெய். டப்பா மூஞ்சியில சுருள் மாதிரி ஒரு பைமெட்டல் ஸ்பிரிங் (ஸ்கூல் ஃபிசிக்ஸ்ல படிச்சோமே, ரெண்டு உலோகம் ஒட்டின பட்டை, சூடு பட்டா வளையும்னு... அதேதான்). ரேடியேட்டர் வழியா வர்ற காத்து குளிர்ச்சியா இருந்தா எண்ணெய் ஓரமா ஒதுங்கி நிக்கும், ஃபேன் சோம்பேறித்தனமா வழுக்கிக்கிட்டே சுத்தும். காத்து சூடானா ஸ்பிரிங் முறுக்கி உள்ள ஒரு கதவைத் திறக்கும். எண்ணெய் பள்ளத்துக்குள்ள பாயும். அதோட பிசுபிசுப்புல ஃபேன் மாட்டிக்கிட்டு, கிட்டத்தட்ட புல்லி வேகத்துக்கே சுத்தும். ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. யோசிச்சவனுக்கு ஒரு சல்யூட்.

இது கெட்டிருக்கான்னு கண்டுபிடிக்கவும் ஈஸி. நல்லா சூடாகி இருக்குறப்ப இன்ஜினை நிறுத்திட்டு (நிறுத்திட்டு!) ஃபேனைக் கையால தள்ளிப் பாருங்க. பிசின்ல சிக்கின மாதிரி இழுத்துப் பிடிக்கணும். மாமா ஜீப்ல தள்ளினா ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. டப்பாவைச் சுத்தி எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பின கறை வேற. "பாப்பா, எண்ணெய் பூராம் வெளிய இருக்கு, உள்ள வெறும் டப்பாதான்"னார் மெக்கானிக் அண்ணன்.

ஆக, ரெண்டு வழி. அதே மாதிரி புது கிளட்ச் வாங்கி மாட்டலாம். இல்லைன்னா எலெக்ட்ரிக். கணக்கு போட்டேன். பக்கத்தைத் திருப்பாதீங்க, ரொம்ப சிம்பிள்.

ஜீப், ஆள், தூக்குவாளி எல்லாம் சேர்த்து 2,300 கிலோன்னு வச்சுக்கங்க. (ஆள் எத்தனைன்னு கேட்காதீங்க. எழுதினா மாமாவுக்கு ஃபைன் வரும்.) அதை 1,000 மீட்டர் தூக்குறதுக்கு மட்டுமே 6 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சக்தி வேணும். டயர் உராய்வு எல்லாம் சேர்த்தா 9 யூனிட். முக்கால் மணி நேரத்துல ஏறுறோம்னா சராசரி 12 கிலோவாட். டீசல் எரியிற சக்தியில, உத்தேசமா, மூணுல ஒரு பங்கு வண்டியை ஓட்டும். ஒரு பங்கு புகையோட போகும். ஒரு பங்கு கூலிங் தண்ணிக்குள்ள போகும். அதாவது, வண்டியை எவ்வளவு சக்தி தள்ளுதோ, கிட்டத்தட்ட அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளிய தள்ளியாகணும். செங்குத்தான இடத்துல ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கிறப்ப அது 25 கிலோவாட் வரைக்கும் போகும். பாத்ரூம் கீசர் ஒரு டஜனை ஒரே நேரத்துல ஆன் பண்ணின மாதிரி! அந்தச் சூட்டைக் கொண்டுபோக ஒவ்வொரு செகண்டும் 200 லிட்டர் டிரம் நாலு நிறையக் காத்து ரேடியேட்டர் வழியாப் போகணும்.

சமதளத்துல 70 கிலோமீட்டர் வேகத்துல போற காருக்கு அந்தக் காத்து சும்மாவே கிடைச்சுரும். எங்க பள்ளத்தாக்குல கேட்கவே வேணாம், ஜூன், ஜூலையில காத்தாலையே சுத்துற ஊரு. மாமாவோட ஃப்ரெண்ட் கார்ல அந்த எலெக்ட்ரிக் ஃபேன் மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் தூங்கிக்கிட்டுதான் போகும். அவர் அனுபவம் அவருக்கு உண்மை. ஆனா 15, 20 கிலோமீட்டர் வேகத்துல மலை ஏறுற ஜீப்புக்கு ஃபேன் விட்டா வேற நாதி கிடையாது.

மைலேஜ் சமாசாரமும் அப்படித்தான். ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா, தள்ளுற காத்து ரெண்டு மடங்கு. ஆனா அது குடிக்கிற சக்தி எட்டு மடங்கு! மூணு மடங்கானா 27 மடங்கு! பெல்ட்டோட நேரடியாக் கட்டின ஃபேன், இன்ஜின் 800 சுத்துல சும்மா நிக்கிறப்பவும் போதுமான காத்து தரணும்னு பெருசா செஞ்சிருப்பாங்க. அதே ஃபேன் 2,400 சுத்துல தேவையே இல்லாம குதிரைத்திறனைத் தின்னும். அதுக்கு இன்ஜினோட வேகம் தெரியும், சூடு தெரியாது. அதை எடுத்துட்டு எலெக்ட்ரிக் போட்டா லாபம் நிஜமாவே தெரியும். ஆனா விஸ்கஸ் கிளட்ச் இந்த வீண் செலவுல பெரும்பகுதியை ஏற்கெனவே மிச்சம் பண்ணிருச்சே! அதை எடுத்துட்டு எலெக்ட்ரிக் போட்டா மிச்சம் பிடிக்க அங்க பெருசா ஒண்ணும் இல்லை. மைலேஜுக்காக இதைச் செய்யப் போறீங்கன்னா அந்தக் காசுக்கு டயர்ல காத்து சரியாப் பிடிங்கன்னுதான் சொல்வேன்.

அப்போ எலெக்ட்ரிக் வேஸ்ட்டா? இல்லை. இங்கதான் அந்தப் பதினோராவது வளைவு வருது. ரெண்டாவது கியர்ல இன்ஜின் உறுமிக்கிட்டு ஏறுற வரைக்கும் நல்லா இருக்குற பெல்ட் ஃபேனுக்குப் பிரச்னை இல்லை. புல்லி வேகமாச் சுத்துது, காத்தும் கிடைக்குது. எதிர்ல ஒரு பஸ் இறங்கும். வழி விடணும். வளைவுல ஓரமா நிறுத்துறோம். அவ்வளவு நேரம் ஏறின சூடு பூராவும் இன்ஜின் உடம்புல இருக்கு. ஆனா இன்ஜின் 800 சுத்துக்கு இறங்கிருச்சு, கூடவே ஃபேனும். அதிகமாக் காத்து வேணுங்கிற நேரத்துல குறைவாக் காத்து! நின்னா முள்ளு ஏறுறதும், ஓடினா இறங்குறதும் இதனாலதான். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு இன்ஜின் வேகத்தைப் பத்திக் கவலையே இல்லை. நின்னாலும் ஒரே சுத்து.

இதைச் சொன்னதும் மாமா முகம் மலர்ந்துச்சு. உடனே ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, எங்க காலேஜ் வைவாவுலகூட அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"சரித்தா. ஃபியூஸ் போயிருச்சுன்னா?"

விஸ்கஸ் கிளட்ச் பெரும்பாலும் மெதுவாத்தான் சாகும். எண்ணெய் கசியும், முள்ளு தினம் கொஞ்சம் மேல நிக்கும், 'என்னைக் கவனி'ன்னு பல நாள் சொல்லும். எலெக்ட்ரிக் ஃபேன் அப்படியில்லை. ஒரு சின்ன ஃபியூஸோ ரிலேயோ போச்சுன்னா இந்த நிமிஷம் ஃபேன், அடுத்த நிமிஷம் சூன்யம். அதுவும் வளைவுக்கு நடுவுல, பின்னாடி அத்தனை பேரை வச்சுக்கிட்டு. ரேஸ் காருக்கு இது ஒரு பிரச்னையே இல்லை, டிரைவர் இறங்கி நடந்து போயிருவாரு. இங்க அரை நாள் கூலி இருக்கு.

அதனாலதான் ஒரு பெரிய ஃபேனுக்குப் பதிலா ரெண்டு நடுத்தர ஃபேன்னு முடிவு பண்ணினோம். ஒவ்வொண்ணுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். வண்டியை மெதுவா நல்ல இடத்துல ஒதுக்கிடலாம். முதல் ஃபேன் 92 டிகிரியில தானா ஓடி 87-ல நிக்கும், தெர்மோ சுவிட்ச் வச்சு. ரெண்டாவதுக்கு டேஷ்போர்டுல கை சுவிட்ச். ரெண்டுக்கும் ஒரு பச்சை லைட். லைட் எரிஞ்சா ஃபேன் வரைக்கும் கரண்ட் போகுதுன்னு அர்த்தம். மோட்டார் சுத்துதான்னு காதுதான் சொல்லணும்.

ஃபேன் டப்பா மேல போட்டிருக்குற காத்துக் கணக்கை அப்படியே நம்பிடாதீங்க. வழக்கமா அது முன்னாடி ரேடியேட்டர் எதுவும் இல்லாம, வெறும் வெளியில அளந்தது. நெருக்கமான ரேடியேட்டர் வழியா இழுக்குறப்ப நல்லாவே குறையும். அதனால பின்னாடி வச்சு இழுக்குற மாதிரி மாட்டி, சுத்திலும் தகரத்துல ஷ்ரவுட் அடிச்சோம். அப்பதான் மூலையில இருக்குற குழாய்க்கும் காத்து போகும். சில பேர் பிளாஸ்டிக் டேகை ரேடியேட்டருக்குள்ளயே விட்டு ஃபேனைக் கட்டுவாங்க. அதிர்வுல அது குழாயை அறுத்துரும். நாங்க ஃபிரேம்ல கிளாம்ப் வச்சோம். இன்னொண்ணு, ஃபேனைத்தான் எடுத்தோம், பெல்ட்டை இல்லை. வாட்டர் பம்ப் இன்னும் பெல்ட்டுலதான் ஓடுது. 'எலெக்ட்ரிக் ஆயிருச்சே, பெல்ட் அறுந்தா என்ன'ன்னு யாராவது ஓட்டிட்டுப் போயிராதீங்க.

யாரும் சொல்லாத செலவு ஒண்ணு இருக்கு: ஆல்டர்னேட்டர். ரெண்டு ஃபேனும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகுறப்ப ஒரு கணம் அதுக்கும் மேல. டிசம்பர் பனியில விடியக்காலை ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டா மொத்தம் 40 ஆம்பியர் கிட்ட வருது. பழைய ஆல்டர்னேட்டர் நல்லா ஓடினாலே 35 ஆம்பியர்தான். ஐடிலிங்ல அதுவும் பாதியாகும். எலெக்ட்ரிக் ஃபேனோட பெருமையே வண்டி நிக்கிறப்பதான்னு சொன்னேன்ல? அதே நேரத்துலதான் ஆல்டர்னேட்டரும் இளைச்சுப்போய் நிக்குது! பேட்டரி கை கொடுக்கும், எத்தனை நாளைக்கு? மதுரையில பழைய பார்ட்ஸ் கடையில 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒண்ணு கிடைச்சுது. மெக்கானிக் அண்ணன் பிராக்கெட்டை வெட்டி ஒட்டி உக்கார வச்சார். எல்லாம் சேர்த்துப் பார்த்தா புது விஸ்கஸ் கிளட்ச் விலையைப் போல ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு. மாமா ஒண்ணும் சொல்லலை. அம்மாதான், "இதுக்கு அதையே வாங்கியிருக்கலாமே"ன்னாங்க. நியாயமான கேள்வி. தினமும் 17 வளைவுல நின்னு நின்னு போகாத வண்டியா இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

'அப்படின்னா லாரிக்காரங்க ஏன் மாத்தலை?'ன்னு உங்களுக்குத் தோணியிருக்கும். ஒரு லாரி ஃபேன் 10 குதிரைத்திறன் இழுக்குதுன்னு வைங்க. 24 வோல்ட்ல அது 300 ஆம்பியருக்கு மேல. அவ்வளவு கரண்ட்டுக்கு ஆல்டர்னேட்டரும் ஒயரும் போடுறதைவிட பெல்ட்டும் கிளட்ச்சும் எவ்வளவோ மேல். அதே மாதிரி பி.எஸ். 6 வண்டிகள்ல கையை வைக்காதீங்க. அதுலல்லாம் இன்ஜினோட கம்ப்யூட்டரே சூட்டை அளந்து முடிவு எடுக்குது, நடுவுல நாம புகுந்தா குழம்பிரும். நான் சொல்ற கதையெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசலுக்கு மட்டும்.

ஜூலையில ஒரு சனிக்கிழமை நானும் ஜீப்ல ஏறிக்கிட்டேன். கையில நோட்டு. வளைவுக்கு வளைவு முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சுக்கிட்டே வந்தேன். எட்டாவது வளைவுல ஒரு பஸ்ஸுக்கும், பின்னாடியே வந்த லாரிக்கும் வழிவிட்டு நின்னோம். முள்ளு கொஞ்சம் ஏறிச்சு, முதல் ஃபேன் ஓடிச்சு, முள்ளு அப்படியே நின்னுச்சு. பதினொண்ணு தாண்டுறப்ப ஜீப்ல யாரும் பேசலை. பன்னிரண்டு வந்ததும் முன்சீட்டு அக்கா, "என்னப்பா, வண்டி இரைச்சலே காணோம்?"னு கேட்டாங்க. நோட்டுல எழுதலை, ஆனா எனக்கு அதுதான் ரிசல்ட்.

போடிமெட்டு டீக்கடையில மாமா சாவியை எடுத்துட்டு இறங்கினார். ஃபேன் மட்டும் 'ஊ...'ன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. முதல் ஃபேனுக்கு பேட்டரியில இருந்து நேரடி கனெக்ஷன், அதனால தண்ணி ஆறுற வரைக்கும் ஒரு ரெண்டு நிமிஷம் ஓடும். டீ மாஸ்டர் பதறிப்போய், "அண்ணே, வண்டி ஆஃப் ஆகலை!"ன்னு கத்தினார். சிரிப்பா இருந்தாலும் இதுல ஒரு ஆபத்து இருக்கு. பழைய ஃபேன் இன்ஜின் நின்னா நின்னுரும். இது நின்னுக்கிட்டு இருக்குற வண்டியிலயும் திடீர்னு சுத்தும். ஊருக்கு வந்ததும் ஷ்ரவுட் மேல சிவப்பு பெயின்ட்ல 'கை வைக்காதே'ன்னு எழுதிட்டோம்.

மைலேஜ்? ஒரு மாசம் டேங்க் நிரப்பி நிரப்பிப் பார்த்தார். லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூட ஏறலை. ஃப்ரெண்ட்கிட்ட மட்டும் "நல்லா ஏறிருக்குப்பா"ன்னு சொல்லிட்டார். ஏன் மாமான்னா, "அவன் மனசைக் கெடுப்பானேன்"கிறார்.

முந்தல் செக்போஸ்ட் வந்ததும், சூடு இருக்கோ இல்லையோ, ரெண்டாவது ஃபேன் சுவிட்சைத் தட்டிவிடுறது இப்போ அவர் வழக்கம். "தேவைப்பட்டா போதும் மாமா, முதல் ஃபேனை தெர்மோ சுவிட்ச் பார்த்துக்கும்"னேன். "அது பார்க்குறதை அது பார்க்கட்டும்த்தா. நான் பார்க்குறதை நான் பார்க்குறேன்"னு சொல்லிட்டு மூணாவதுல இருந்து ரெண்டாவது கியருக்கு இறக்கினார்.